நாற்பது மூட்டை!

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணக்கு வரும். பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் (அதாவது, மாதா மாதம் சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில்) நாலு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன். பதினேழு ரூபாய் இடிக்கிறது என்றால் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து, அந்தப் பதினேழு ரூபாயின் காதைப் பிடித்துத் திருகி இழுத்து வந்து லெட்ஜரில் நிறுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். அப்பேர்ப்பட்ட என்னை, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு மேஸ்திரி, காலி பெயிண்ட் டின் ஒன்றை வைத்துக்கொண்டு பத்தே நிமிஷத்தில் ஃபெயிலாக்கினார்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய கஜா புயல், போகிற போக்கில் மன்னார்குடிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கொல்லையில் ஏழு தென்னை காலி. தாத்தா காலத்து நாட்டு ஓட்டுக் கூரை, அப்பளம் மாதிரி பறந்து பக்கத்து வயலில் போய் விழுந்தது. அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு ராத்திரி முழுக்க எதிர்ச்சாரி மெத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். (தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாடி வீட்டுக்கு மெத்தை வீடு என்று பெயர். படுக்கிற மெத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இனிமே ஓடு வேண்டாம்டா. ஒரே ஒரு ரூமானாலும் மேல கான்கிரீட் போட்ருங்க."

சரி, பழைய சுவர் மேலேயே தளத்தைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். மன்னார்குடியிலிருந்து இன்ஜினீயர் வந்தார். சுவரைச் சாவியால் சுரண்டினார். பொலபொலவென்று மண் கொட்டியது. "சார், இது மண் சாந்து வெச்சுக் கட்டின சுவர். ஓட்டுக் கூரை சாரத்து மேல லேசா உட்கார்ந்திருக்கும். நீங்க கேக்கற தளம் எத்தனை கனம் தெரியுமா? இருபத்திரண்டு டன்! பஸ்ஸைத் தூக்கி மேல வெச்ச மாதிரி" என்றார். ஒரு பஸ்ஸா, இரண்டு பஸ்ஸா என்று நான் கேட்கவில்லை. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமாராக இரண்டரை டன் என்பதும், எங்கள் தளம் ஒன்பது கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஆக, அஸ்திவாரத்திலிருந்து புதுசாகக் கட்ட வேண்டியதாயிற்று. அப்பா ரிட்டயர்டு எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார். அவர் சேமிப்பில் பாதி பூமிக்குள்ளேயே போய்விட்டது. மீதிப் பாதி சுவராக எழும்பி நின்றபோது, அம்மாவின் நாலு வளையல்கள் பேங்க்குக்குப் போயிருந்தன.

இந்த நிலையில்தான், 2019 ஏப்ரல் கடைசியில், தளம் போடுகிற கட்டம் வந்தது.

மேஸ்திரி ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு நடுவில் நின்று மேலே பார்த்தார். அங்கே ஆகாயம் மட்டும்தான் இருந்தது. இரண்டு தடவை இப்படியும் அப்படியும் நடந்தார். "கூலி, சென்ட்ரிங் வாடகையெல்லாம் தனி. சாமானுக்கு மட்டும் ஒரு தொண்ணூறாயிரம் எடுத்து வெச்சுக்குங்கய்யா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டி.வி.எஸ். 50-ஐ உதைத்துக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. காகிதம் இல்லை, பென்சில் இல்லை, ஆகாயத்தைப் பார்த்துத் தொண்ணூறாயிரமா? "அப்பா, இவங்கள்லாம் கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கறவங்க. மூட்டைக்கு இவ்வளவுன்னு உண்டு. நான் போடறேன் பாருங்க எஸ்டிமேட்" என்றேன். இன்ஜினீயரிடம் கேட்டிருந்தால் அவரே போட்டுக் கொடுத்திருப்பார். தனியாக ஒரு சின்ன ஃபீஸ். அதைத்தான் 'நானே போட்டுக்கறேன் சார்' என்று ஏற்கெனவே மிச்சம் பிடித்திருந்தேனே!

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்கலாம்.

வீடு நீளம் 30 அடி, அகலம் 22 அடி. ஆக 660 சதுர அடி. தளத்தின் கனம் 5 அங்குலம் என்று பிளானில் போட்டிருக்கிறது. 660-ஐ ஐந்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 275 கன அடி. கலவை 1:1½:3. அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. எம்-20 என்று சொல்கிறார்களே, அந்தக் கலவை. பங்குகளைக் கூட்டினால் ஐந்தரை. 275-ஐ ஐந்தரையால் வகுத்தால் ஒரு பங்கு கச்சிதமாக 50 கன அடி. ஆகா! மிச்சம் மீதி இல்லாமல் வகுபடுகிற கணக்கு தப்பாக இருக்க முடியுமா? ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று ஒன்றேகால் கன அடி. ஆக, சிமெண்ட் 40 மூட்டை. மணல் 75 கன அடி. ஜல்லி 150 கன அடி. எங்கள் பக்கம் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. எனவே முக்கால் யூனிட் எம்-சாண்ட், ஒன்றரை யூனிட் முக்கால் ஜல்லி.

கம்பிக்கும் சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லி மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். பத்து எம்.எம். கம்பி மீட்டருக்கு 617 கிராம். எட்டு எம்.எம். 395 கிராம். பிளானில் அரை அடிக்கு ஒரு கம்பி. முப்பது அடி நீளத்துக்கு அறுபது கம்பி, ஒவ்வொன்றும் 22 அடி. குறுக்கே நாற்பத்து நாலு கம்பி, ஒவ்வொன்றும் 30 அடி. இரண்டு பக்கமும் 1,320 அடி வந்தது. இதிலும் ஒரு அழகு! மொத்தம் 407 கிலோ.

அப்போது எங்கள் ஊரில் சிமெண்ட் மூட்டை 380 ரூபாய். (அதில் ஜி.எஸ்.டி. மட்டும் 28 சதவீதம். அது 18 ஆனது 2025 செப்டம்பரில்தான். நான் வீடு கட்டி முடிக்கும் வரை அரசாங்கம் காத்திருந்தது.) எம்-சாண்ட் யூனிட் 5,800, ஜல்லி 4,000, கம்பி கிலோ 55. எல்லாம் கூட்டினால் 47,935 ரூபாய். மேஸ்திரி சொன்னதில் கிட்டத்தட்டப் பாதி!

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்தின கை. ஒவ்வொரு பெருக்கலையும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். தொண்ணூறாயிரத்தில் 47,935 போக 42,065 மிச்சம்.

மறுநாள் காலையில் என்னிடம்கூடச் சொல்லாமல் மன்னார்குடி போனார். அசலும் வட்டியுமாக 41,200 ரூபாய் கட்டி வளையல்களை மீட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நாலையும் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பூராவும் அடுப்படியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. தேவையில்லாமல் எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மிச்சமிருந்த 865 ரூபாய் மாரியம்மன் கோயில் அபிஷேகத்துக்குப் போனது. "ஒன்னைப் படிக்க வெச்சது வீண் போகலைடா" என்றார் அப்பா. அந்த வார்த்தையைக் கேட்க நான் பதினைந்து வருஷம் காத்திருந்தேன். அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, கான்கிரீட்டுக்கு மூன்று நாள் முன்னால், சாமான் ஆர்டர் கொடுக்க மேஸ்திரி வந்தார். என் எஸ்டிமேட்டை நீட்டினேன். தூரத்தில் பிடித்துப் படித்தார். கிட்டத்தில் பிடித்துப் படித்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, இது எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான். ஏன்?"

"நாப்பது மூட்டையில நடு வீடுகூட முழுசா மூடாதே தம்பி."

நான் விளக்கினேன். 275 கன அடி என்றேன். ஐந்தரை என்றேன். ஐம்பது என்றேன். அவர் வாதாடவில்லை. சித்தாள் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு லிட்டர் பெயிண்ட் டின் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கீழே ஒரு தகரத்தைப் போட்டார். மூன்று டின் ஜல்லி கொட்டினார். ஒன்றரை டின் மணல். ஒரு டின் சிமெண்ட். "எத்தனை டின் தம்பி ஆச்சு?"

"ஐந்தரை."

டின்னில் முக்காலுக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் பிடித்து ஊற்றிக் கரணையால் புரட்டிப் புரட்டிக் கலந்தார். "இப்ப நீங்களே அளந்து எடுங்க" என்று கரணையை என் கையில் கொடுத்தார். நான் டின்னில் போட்டு, தட்டித் தட்டி, நிரப்பி, ஓரமாகக் கவிழ்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது டின் பாதிக்குச் சற்று மேலே வந்தது. தகரம் காலி.

ஐந்தரை டின் போட்டு மூன்றரை டின் எடுக்கிற வியாபாரம்! எங்கே போச்சு இரண்டு டின்? எங்கேயும் போகவில்லை. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவில் இருந்த சந்தில் மணல் போய் உட்கார்ந்துகொண்டது. மணலுக்கு நடுவில் இருந்த சந்தில் சிமெண்ட் உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே நிரம்பி வழிகிற டவுன் பஸ்ஸில் இன்னும் இருபது பேர் ஏறுகிற மாதிரி. நான் வாங்கியது பாதி கல், பாதி காற்று. காற்றுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறோம். இதற்காகத்தான் இன்ஜினீயர்கள் முடிந்த கான்கிரீட்டின் கன அளவை 1.54-ஆல் பெருக்கிவிட்டு, அப்புறம்தான் பங்கு பிரிக்கிறார்கள். பி.காம். காஸ்ட் அக்கவுன்ட்ஸில் 'நார்மல் லாஸ்' என்று ஒரு தலைப்பு வரும். அதில் நான் எண்பத்திரண்டு மார்க்! ஆனால் பரீட்சையில் 'நார்மல் லாஸ் இத்தனை சதவீதம்' என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். வீட்டுக் கூரையில் யார் கொடுப்பார்கள்?

275-ஐ 1.54-ஆல் பெருக்கினால் 423½. சிமெண்ட் மட்டுமே 62 மூட்டை. இத்தோடு விட்டதா? மேஸ்திரி பிளானை விரித்தார்.

"வீட்டை அளந்தீங்க. தளத்தை அளக்கலியே தம்பி. முன்பக்கம் ரெண்டு அடி வெளியில நீட்டியிருக்கு பாருங்க."

நீட்டியிருந்தது. 30-க்கு 24. 660 அல்ல, 720 சதுர அடி.

"ஹால் மேல ஒரு பீம் வருது. ஒம்பது அங்குலம் அகலம், தளத்துக்குக் கீழ பத்து அங்குலம் தொங்குது, இருபத்திரண்டு அடி நீளம். அது காத்தாலயா நிக்கும்?"

பதின்மூன்றே முக்கால் கன அடி. ஆக மொத்தம் 314. பெருக்கி, பங்கு பிரித்து, மூட்டையாக்கினால் 71. கொட்டுவது சிந்துவது சேர்த்தால் 74, 75.

"நீங்க எப்படிக் கணக்குப் போட்டீங்க மேஸ்திரி?"

"அஞ்சு அங்குலத் தளம்னா பத்து சதுர அடிக்கு ஒரு மூட்டை. எழுநூத்தி இருபதுக்கு எழுபத்திரண்டு. பீமுக்கு மூணு. எழுபத்தஞ்சு."

அவ்வளவுதான்! நான் இரண்டு பக்கம் எழுதின கணக்கு. அதிலும் அவருடைய சூத்திரத்தில் சிந்துவது சிதறுவதற்கு ஆறேழு சதவீதம் ஏற்கெனவே உள்ளே வைத்துத் தைத்திருக்கிறது.

கம்பியிலும் இதே கதை. அறுபது இடைவெளி என்றால் கம்பி அறுபத்தொன்று (பஸ் ஸ்டாண்டில் க்யூ நிற்கிற எவனுக்கும் தெரிகிற கணக்கு). இரண்டு கம்பியை ஒட்டுப் போடும் இடத்தில் கம்பியின் விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். பத்து எம்.எம். கம்பிக்கு அதுவே ஒன்றரை அடிக்கு மேல். சுவருக்கு மேலே வருகிற இடங்களில் தனியாக மேல் கம்பி. பீமுக்குள் தனிக் கூடு. கம்பி வருவது நாற்பது அடி நீளத்தில். முப்பது அடி வெட்டினால் பத்து அடித் துண்டு கையில் நிற்கும், அதுவும் காசுதான். இன்ஜினீயரிடம் ஓடினேன். ஃபீஸ் கொடுத்தேன். கம்பி வளைக்கும் பட்டியல் போட்டார். 740 கிலோ. அதைக் கட்டுவதற்குக் கட்டுக்கம்பி ஒரு ஏழெட்டுக் கிலோ. அது என் லிஸ்ட்டில் பெயருக்குக்கூட இல்லை.

75 மூட்டை சிமெண்ட், ஒன்றரை யூனிட் மணல், மூன்று யூனிட் ஜல்லி, 740 கிலோ கம்பி. கூட்டிப் பார்த்தேன். 89,900 ரூபாய். ஆகாயத்தைப் பார்த்துச் சொன்ன தொண்ணூறாயிரத்துக்கு நூறு ரூபாய்தான் குறைவு.

கமிஷன் என்று சொன்னேனே, அது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு நாங்கள் பேசினது தெரியாது. தெரியாது என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு பத்து மூட்டை குறைச்சு வாங்கிக்கிட்டு, பத்தலைன்னா மறுநாள் வாங்கிப் போட்டா என்ன?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். பாவம், அவர் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"சுவர்னா நாளைக்குக் கட்டலாம்யா. தளம் ஒரே நாள்ல ஒரே மூச்சுல முடியணும். இன்னிக்குப் போட்டது இறுகிப் போச்சுன்னா நாளைக்குப் போடறது அதோட ஒட்டாது. பார்வைக்கு ஒட்டின மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில அந்தக் கோடு வழியாத்தான் தண்ணி இறங்கும்" என்றார் மேஸ்திரி. "மிஞ்சினா கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம். கொறைஞ்சா யார்கிட்ட போறது?"

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கை ஈரமாக இருந்தது. சோப்பு போட்டிருந்தாள். நாலு வளையலையும் அப்பா பக்கத்தில் திண்ணையில் வைத்துவிட்டு, "ஒரு வாரம் போட்டுக்கிட்டேனே, போதும்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பித் திட்டியிருந்தால் தேவலை.

பேங்க்கில் 42,000 தேறியது. அதே க்ளார்க். "என்ன சார், போன வாரம்தானே மீட்டீங்க?" என்று கேட்டாராம். அப்பா சிரித்தாராம்.

*

கான்கிரீட் அன்றைக்கு அக்னி நட்சத்திரம். வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலை ஐந்தரைக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். கலவை மெஷினுக்கு விபூதி குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம். முதல் பாண்டுக் கலவையை அம்மா கையால் ஈசான்ய மூலையில் போடச் சொன்னார்கள். வெறுங்கையாக இருக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு மாமி கண்ணாடி வளையல் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார் மேஸ்திரி. "தம்பி, கணக்கு எழுதறவங்க நீங்க. மெஷின் கிட்ட உட்காருங்க. காலி மூட்டையை எண்ணுங்க. எத்தனை சாக்கு விழுதோ அத்தனை கோடு போடுங்க. ஆளுங்க அவசரத்துல ஜல்லி ஒரு பாண்டு கூடப் போட்டாலும் சொல்லுங்க." நாலு வருஷ ஆடிட் அனுபவத்துக்குக் கடைசியில் ஒரு மரியாதை! நோட்டும் பேனாவுமாக சவுக்குக் கட்டை மேல் உட்கார்ந்தேன்.

75 மூட்டைக்குப் பணம் கட்டியிருந்தோம். கூட ஐந்து மூட்டை, பிரிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. மணலும் ஜல்லியும் முதல் நாளே வந்து இறங்கிவிட்டன. ஜல்லி லாரி வந்தபோதுதான் நான் இன்னொரு பாடம் படித்தேன். தொட்டி நீளம் 10 அடி, அகலம் 6, உயரம் இரண்டரை. ஆக 150 கன அடி என்றார் டிரைவர். மேஸ்திரி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி நாலு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார்த்தார். ஓரத்தில் இரண்டரை, நடுவில் இரண்டுதான். சராசரி இரண்டேகால் என்றால் 135 கன அடி. பதினைந்து கன அடி தஞ்சாவூர் ரோட்டின் குண்டு குழியில் குலுங்கி அமுங்கிப் போனதா, ஏற்றும்போதே இல்லையா என்று ஆராய்ச்சி செய்யாமல் அடுத்த நடையில் ஈடு கட்டிவிட்டுப் போனார் டிரைவர். மணலில் இதற்கு நேர் எதிர். லேசாக ஈரம் பட்ட மணல் பொம்மிக்கொண்டு நிற்கும்; காய்ந்ததைவிட அதிகம் மாதிரி காட்டும். ஒரு டம்ளர் ஈர மணலை எடுத்து மேலே தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கண் முன்னாலேயே இறங்கும். ஒன்றரை யூனிட் என்று மேஸ்திரி கொஞ்சம் தாராளமாகச் சொன்னதன் ரகசியம் அது.

மெஷின் ஓட ஆரம்பித்தது. ஆறு பெண்கள், எட்டு ஆண்கள். பாண்டு கைமாறிக் கைமாறி மேலே போகிறது. "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான். கலவை நீர்க்க இருந்தால் அவனுக்கு இழுத்துவிட சுலபம். "டேய், பாயசமாடா வைக்கறோம்?" என்று மேஸ்திரி போட்ட அதட்டலில் மெஷின்காரர் கை குவளையோடு அப்படியே நின்றது. இந்த எம்-20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. மேஸ்திரி அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்குப் பாதித் தளம் முடிந்தது. பீமும் முடிந்தது. என் நோட்டில் எண்ணினேன். நாற்பது கோடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நம்பர் ராசியில்லாத நம்பர் என்பதற்காக மட்டுமில்லை. இந்த மூன்று நாளில் நான் 1.54-ஐத் தூக்கத்தில்கூட ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை சிமெண்ட் போட்டால் கிடைக்கிற கான்கிரீட் ஏறக்குறைய நாலரை கன அடி. பாதித் தளத்துக்கு 34, பீமுக்கு 3. முப்பத்தேழு விழ வேண்டிய இடத்தில் நாற்பது விழுந்திருக்கிறது. மூன்று மூட்டை என்றால் பதின்மூன்று கன அடி. அதை 360 சதுர அடியில் பரப்பினால்... கிட்டத்தட்ட அரை அங்குலம்!

ஏணியில் ஏறினேன். "மேஸ்திரி, தளம் அஞ்சரை அங்குலமாப் போகுது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இடுப்பிலிருந்து ஐந்து அங்குலத்தில் கோடு போட்ட கம்பியை எடுத்து ஈரக் கான்கிரீட்டில் குத்தினார். கோடு முங்கியது. இன்னொரு இடம். அங்கேயும் முங்கியது. மட்டப்பலகை பிடித்தவனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே அச்சில் போட முடியாது. அரை அங்குலம்தானே என்று அவன் முணுமுணுத்தான். "அரை அங்குலம் தளம் பூராவும் போனா ஏழு மூட்டைடா! எழுபத்தஞ்சுல எங்கடா இருக்கு ஏழு மூட்டை?" என்று கத்தினேன். கத்தியது மேஸ்திரி இல்லை. நான்.

அதற்கப்புறம் நாலடிக்கு ஒரு தடவை கம்பி குத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டேகால் மணிக்குக் கடைசிப் பாண்டு விழுந்தபோது நோட்டில் எழுபத்து நாலு கோடு. ஒரு மூட்டை மிச்சம். கூட வாங்கிய ஐந்தையும் கட்டுப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கொல்லையில் பந்தி போட்டு எல்லோருக்கும் பிரியாணி. மேஸ்திரி பக்கத்தில் இலை போட்டு என்னை உட்கார வைத்தார். "சாக்கை எண்ணித் தளத்தோட கனத்தைச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல தம்பி" என்றார். அப்பா காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். பெரிய மனுஷன்.

எல்லாம் முடிந்தது என்று கை கழுவும்போதுதான், எஸ்டிமேட்டில் நான் எழுதாத கடைசி ஐட்டம் வந்து நின்றது: தண்ணீர். மறுநாள் தளத்தின் மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். 720 சதுர அடியில் இரண்டே அங்குலம் நிறுத்தினாலும் 3,400 லிட்டர்! சித்திரை வைகாசி வெயில் அதை ஆவியாக்கி ஆவியாக்கிக் குடிக்கும். சாதா சிமெண்ட்டுக்கு ஏழு நாள், பி.பி.சி. மாதிரியான கலப்பு சிமெண்ட்டுக்குப் பத்து நாள், வெயில் கொளுத்தும் ஊராயிருந்தால் பதினாலு நாள் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் கிணற்றிலோ முழங்கால் ஆழம். பதினாலு நாளும் அப்பா காலையிலும் சாயங்காலமும் ஊர்க் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு, பக்கத்து வீடுகளில் கெஞ்சி, ஒரு பாத்திகூடக் காயவிடாமல் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து பார்ப்பார்.

மிச்சமிருந்த ஒரு மூட்டையில், கிணற்றடியில் அம்மாவுக்குத் துணி துவைக்கிற கல்லும் ஒரு மேடையும் போட்டோம். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையை அம்மா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கழித்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. வளையல்களை நான் மீட்டுக் கொடுக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. கட்டுரைக்கு இத்தனை என்று வருகிற சன்மானத்தில் அதற்குள் மீட்டதே பெரிசு.

மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமலே ரொம்ப நாள் ஓட்டிவிட்டோம். போன தடவை ஊருக்குப் போனபோது அப்பா அதை ஆரம்பித்தார். "சுத்தளவு நூத்தியெட்டு அடி வருதுடா. மூணு அடி உசரம் எழுப்பணும். செங்கல் எவ்வளவு ஆகும்?"

நான் பழக்க தோஷத்தில் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன். அம்மா சட்டென்று இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.